மெஷினையும் சேர்ந்தே வாங்கலாமே: தென் மாவட்ட மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அறக்கட்டளை, மிஷன், தனியார் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே எந்த மெஷின் வாங்குவது என்பதில் கடைசி வார்த்தை சொல்லும் டாக்டர்களுக்கும்,

வணக்கம்.

மருத்துவக் கழிவு போடும் நம் எல்லாருடைய மஞ்சள் பையும் சிவப்புப் பையும் ஒரே வண்டியில்தான் போகின்றன. காலையில் எங்கள் பின்வாசலில் நிற்கும் வண்டிதான் பத்து நிமிஷம் கழித்து உங்கள் பின்வாசலுக்கு வருகிறது. 75 கிலோமீட்டருக்குள் பொதுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் எந்த மருத்துவமனையும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதி. நாம் சட்டம் சொன்ன பிறகு சேர்ந்தோம். இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை அதற்கு வெகு முன்பே, 2003இல், பாலக்காட்டில் ‘இமேஜ்’ என்ற பொது நிலையத்தைத் தொடங்கிவிட்டது. எதிரெதிரே போர்டு மாட்டிப் போட்டி போடும் மருத்துவமனைகளின் கழிவெல்லாம் அங்கே ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் யாருடைய ஓ.பி.யும் குறைந்துவிடவில்லை.

தூக்கிப் போடுவதைச் சேர்ந்து செய்கிறோம். வாங்குவதை மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம்?

நான் இந்த வட்டாரத்து அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் மருத்துவக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் இன்ஜினியர். கொள்முதல் குழுவிலும் உட்காருகிறேன். இந்த ஆறு மாவட்டத்தில் இதே வேலை பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவருக்கொருவர் போன் பண்ணி ‘மானிட்டர் எஸ்.பி.ஓ.2 கேபிள் இருக்கா, ரெண்டு நாள்ல திருப்பித் தர்றேன்’ என்று கேட்கிற பழக்கம் உண்டு. கேபிளைக் கொடுப்போம், ஃபியூஸ் கொடுப்போம். வாங்கிய விலையை மட்டும் சொல்ல மாட்டோம். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொட்டேஷனோடு வரும் தம்பி கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்: ‘சார், இந்த ரேட் உங்களுக்கு மட்டும். வெளிய சொல்லிடாதீங்க. ஹெட் ஆபீஸ்ல ஸ்பெஷல் அப்ரூவல் வாங்கிட்டு வந்திருக்கேன்.’ நாமும் ஏதோ சலுகை கிடைத்த மாதிரி அந்தத் தாளை ஃபைலில் வைத்துப் பூட்டுகிறோம். அடுத்த பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் அவர் அதையே சொல்வார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்ப்பது அவர் வேலை. நம் வேலையை நாம் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விலை வித்தியாசம்கூட இதில் சின்ன விஷயம். பெரிய இழப்பு ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கிறது. லேபில் ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மெஷினுக்கு ஒரு பைசா வேண்டாம், ரீஏஜென்ட் மட்டும் எங்களிடம் எடுங்கள்’ என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். (ரீஏஜென்ட் என்றால் டெஸ்டுக்கு மெஷின் பயன்படுத்தும் ரசாயனம்.) ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதம் இத்தனை டெஸ்ட் ஓடும் என்று கையெழுத்துப் போட்டிருப்போம். ஓடாவிட்டாலும் அந்த அளவுக்கு ரீஏஜென்ட் எடுத்தாக வேண்டும். வேறு கம்பெனி பாட்டிலை வைத்தால் மெஷின் படிக்காது, ஓடாது. காலையில் ஆன் செய்ததும் தன்னைக் கழுவிக்கொள்ளக் கொஞ்சம், சாம்பிள் இல்லாமல் வெறுமனே ஓட்டும் பிளாங்க் பார்க்கக் கொஞ்சம், அளவு தெரிந்த மாதிரியை வைத்துச் சரிபார்க்கும் கன்ட்ரோல் ஓட்டக் கொஞ்சம், ராத்திரி நிறுத்தும்போது மறுபடி கழுவக் கொஞ்சம் என்று, நோயாளியின் ரத்தம் ஒரு சொட்டுப் படாமலே அது ரீஏஜென்ட் குடிக்கும். நாளுக்கு 200 சாம்பிள் பார்க்கும் லேபில் இந்தச் செலவு கரைந்துபோகும். 30 சாம்பிள் பார்க்கும் லேபில் ஒவ்வொரு சாம்பிளின் தலையிலும் ஏறி உட்காரும். திறந்த பாட்டிலுக்கு ஆயுள் வேறு குறைவு. தேதி தாண்டினால் பாதி பாட்டிலோடு கழிவுக்குப் போகும். அந்த ‘இலவச’ மெஷினின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று உங்கள் லேப் இன்சார்ஜைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஒப்பந்தத்தில் மாற்ற வேண்டியது மிஞ்சிப்போனால் நாலு வரி. குறைந்தபட்ச அளவை மாதத்துக்கு மாதம் பார்க்காமல் வருஷக் கணக்கில் பார்க்க வேண்டும். கழுவலுக்கும் கன்ட்ரோலுக்கும் போகிற ரீஏஜென்ட் கம்பெனி கணக்கில் போக வேண்டும். நோயாளி கைக்குப் போன ரிப்போர்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று மட்டும் நமக்கு பில் வர வேண்டும். மெஷின் ஒரு நாளைக்கு மேல் நின்றால் மாற்று மெஷின் வைக்க வேண்டும். இதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ‘கம்பெனி பாலிசி சார், நான் கைவைக்க முடியாது’ என்பார்கள். பெரிய கார்ப்பரேட் குழுமம் கேட்டால் அதே பாலிசி வளைந்து கொடுக்கும். அவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது, நமக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து சின்ன மருத்துவமனைகளின் சாம்பிளைக் கூட்டினால் நமக்கும் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

சர்வீஸ் கதையும் இதேதான். இங்கே ஒரு வென்டிலேட்டர் மக்கர் செய்தால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். வந்து திறந்து பார்த்துவிட்டு, ஸ்பேர் ஆர்டர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். ஸ்பேர் வந்த பிறகு மறுபடி அவர் வர வேண்டும். ஆறு மருத்துவமனையில் ஆறு பிராண்ட் இருக்கிறவரை எந்தக் கம்பெனிக்கும் மதுரையில் ஆள் போடக் கட்டுப்படியாகாது. ஒரே மாடல் முப்பது இந்தப் பக்கம் ஓடினால், நாம் கேட்காமலே ஒரு இன்ஜினியரையும் ஒரு அலமாரி நிறைய ஸ்பேரையும் இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். 2015 வாக்கில் தேசிய நலவாழ்வு இயக்கம் கருவிப் பராமரிப்புத் திட்டத்துக்காக நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. தனியாரில் அப்படி யாரும் வந்து எண்ணுவதில்லை என்பதால் நம் மானம் பிழைத்தது. ஸ்டோர் ரூமில் துணி போட்டு மூடி வைத்திருப்பவற்றை நீங்களே ஒருமுறை எண்ணுங்கள். கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தில் ஆளாளுக்கு ஒரே சப்ளையருக்குப் போன் போட்டு, ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் ஏற்றிவிட்டு வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் அதில் எத்தனை என்றும் பாருங்கள்.

சேர்ந்து வாங்குவது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவுக்கே அதைச் செய்து காட்டியது நம் மாநிலம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 ஜனவரியில் கொள்முதலைத் தொடங்கியது. தொழில்நுட்பத்துக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை என்று இரட்டை உறை டெண்டர். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தது என்று காட்டும் பாஸ் புத்தகம். வந்த மருந்தின் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாமல் மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. அந்தக் கழகத்தின் டெண்டர் ஆவணம் ஒன்றை எடுத்து வாசித்தால், கொள்முதல் பற்றி எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். அரசாங்கம் என்றாலே உதட்டைப் பிதுக்கும் நம் தனியார் நிர்வாகிகளுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்.

அரசும் தனியாரும் அறக்கட்டளையும் கலந்து செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. டாடா நினைவு மையம் முன்னின்று 2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் அடையாறு புற்றுநோய் நிலையமும் உறுப்பினர். அதன் முதல் கூட்டுக் கொள்முதலில் 23 மையங்கள் சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒரே மேசையில் விலை பேசின. மிச்சமான தொகை சுமார் 1,320 கோடி ரூபாய். மருந்தைப் பொறுத்து விலை 23 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை இறங்கியது. 99 சதவீதம் இறங்குகிறது என்றால், அதற்கு முன்பு கொடுத்துக்கொண்டிருந்த விலையில் மருந்தின் பங்கு எவ்வளவு, நம் தனிமையின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மருந்தைச் சேர்ந்து வாங்குவது சுலபம். மூலக்கூறு ஒன்றுதான், அளவு ஒன்றுதான், தரப் பரிசோதனையும் ஒன்றுதான். மெஷின் அப்படியில்லை. அதிலும் புதுக் கருவி என்றால் இன்னும் சிக்கல். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்தச் சிக்கலுக்காகத்தான்.

ஒரு புதுக் கருவி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு ஸ்டார்ட்அப் செய்தது. விலை பாதி, கையடக்கம், பேட்டரியில் ஓடும். டாக்டருக்குப் பிடிக்கிறது. குழுவில் முதல் கேள்வி என்ன வரும்? ‘வேற யார் வாங்கியிருக்காங்க?’ யாரும் இல்லை என்றால் ஃபைல் அங்கேயே மூடப்படும். நியாயமான கேள்விதான், கம்பெனி இரண்டு வருஷத்தில் காணாமல் போனால் ஸ்பேருக்கு எங்கே போவது? ஆனால் எல்லா மருத்துவமனையும் அதே கேள்வியைக் கேட்டு, எல்லாரும் அடுத்தவருக்காகக் காத்திருந்தால், அந்தக் கம்பெனி நிச்சயமாகக் காணாமல் போகும். நாம் பயந்தது நம்மாலேயே நடக்கும். பத்துப் பேர் சேர்ந்து இரண்டு கருவி வாங்கி, ஆறு மாதம் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை சுற்றில் விட்டுப் பார்த்து, முடிவை எழுதி வைத்தால் ஒருவர் தலையில் விழும் நஷ்டம் பத்தில் ஒன்று. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ், 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் உள்ளதை மட்டும்தான் சொல்கிறேன். நோயாளியை வைத்துப் பரீட்சை பார்க்கச் சொல்லவில்லை.

சுற்றில் விட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று மஞ்சள் காமாலைக் குழந்தைக்கு வைக்கும் போட்டோதெரபி விளக்கை வைத்துச் சொல்கிறேன். நம் மருத்துவமனைகளில் டியூப்லைட் காலத்து யூனிட்டும் இருக்கிறது, எல்.இ.டி. யூனிட்டும் இருக்கிறது. எல்லாமே கண்ணுக்கு நீலமாக எரியும். ஆனால் காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளை உடைப்பதற்கு நிறம் மட்டும் போதாது, குழந்தையின் தோலில் விழும் ஒளியின் அளவும் வேண்டும். தீவிர சிகிச்சைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்கு, குறைந்தது 30 மைக்ரோவாட் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வரையறுத்திருக்கிறது. விளக்கு பழசானால் ஒளி குறையும். பத்து சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலும் குறையும். மேலே தூசி படிந்தாலும் குறையும். எரிவது மட்டும் அப்படியே எரியும். குழந்தை ஒரு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியது மூன்று நாள் கிடக்கும். நாமும் ‘பிலிருபின் மெதுவாத்தான் இறங்குது’ என்று சொல்லிக்கொள்வோம். இதை அளக்க உள்ளங்கை அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. மாதத்தில் அரை மணி நேரம் பயன்படுத்தும் பொருளுக்குத் தனியாகக் காசு போட எந்தச் சின்ன மருத்துவமனையும் யோசிக்கும். பன்னிரண்டு மருத்துவமனைக்கு ஒரே ஒரு மீட்டர் போதும். அதை வைத்து எல்லாருடைய விளக்கையும் அளந்தால், எந்த மாடல் மூன்று வருஷம் கழித்தும் தாங்குகிறது, எது ஒரே வருஷத்தில் படுத்துவிடுகிறது என்ற பட்டியல் நம் கையில் இருக்கும். அந்தப் பட்டியல் எந்தக் கம்பெனி பிரவுஷரிலும் கிடைக்காது. அடுத்த முறை விளக்கு வாங்கும்போது பிராண்ட் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘மூன்றாவது வருஷக் கடைசியில் எங்கள் மீட்டரில் இவ்வளவு காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நீங்கள் மாற்றித் தர வேண்டும்’ என்றால் போதும்.

இப்படிக் கேட்கத் தெரியாததால்தான் இன்றைக்கு மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற ஸ்பெசிஃபிகேஷனைக் கம்பெனிக்காரரே எழுதிக் கொடுக்கிறார். நாம் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போடுகிறோம். திரை 10.4 அங்குலம் இருக்க வேண்டும் என்று எந்தக் குழந்தை டாக்டராவது கேட்டிருப்பாரா? அந்த 10.4 அங்குலம் வேறு கம்பெனி உள்ளே வராமல் இருக்கப் போட்ட வேலி. நமக்கு உண்மையில் வேண்டியது எதுவும் அந்தத் தாளில் இருக்காது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. சித்திரை வெயிலில் ஏசி ரிப்பேரான அறையிலும் ஓட வேண்டும். எலி கடிக்கிற உயரத்தில் வயர் தொங்கக் கூடாது. நர்ஸ்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள். புதிதாக வந்த பெண் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும்படி திரையில் தமிழ் இருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையம் மாதிரி இடங்களில் திறமையான பிள்ளைகள் உட்கார்ந்து கருவி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் செய்து பார்க்கப் போவது பெரும்பாலும் பெருநகரத்துப் பெரிய மருத்துவமனைகளில். போடிநாயக்கனூரிலும் பரமக்குடியிலும் என்ன தேவை என்பதை நாம் ஒரு தாளில் எழுதி, ‘இது செய்தால் நாற்பது எடுத்துக்கொள்கிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் இங்கே வருவார்கள்.

முதலில் ஒருவர் நம்பி வாங்கினால்தான் புதுசு பிழைக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992இல், அரவிந்த் கண் மருத்துவமனை, லென்ஸ் செய்யும் ஆரோலேபை மதுரையில் தொடங்கியது. லென்ஸ் பத்து டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழேயும் வந்தது. செய்த லென்ஸை வாங்கிக்கொள்ள அரவிந்திலேயே ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் காத்திருந்தன. நம்மில் எவருக்கும் தனியாக அந்த எண்ணிக்கை கிடையாது.

காசநோய்ப் பரிசோதனையில் நடந்ததையும் பாருங்கள். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற காசநோய்ப் பரிசோதனை மெஷினில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் போடும் கார்ட்ரிட்ஜின் விலை 2012இல் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலருக்கு இறங்கியது, நன்கொடை அமைப்புகள் சேர்ந்து பணம் போட்டதால். அந்தச் சலுகை வளரும் நாடுகளின் அரசுத் துறைக்குத்தான். இந்தியத் தனியார் லேபுகள் சும்மா இருக்கவில்லை. 2013இல் ‘ஐபேக்ட்’ என்ற பெயரில் கூட்டமைப்பாகச் சேர்ந்து குறைந்த விலையைப் பெற்றன. பதிலுக்கு, நோயாளியிடம் உச்சவரம்புக்கு மேல் வாங்குவதில்லை, காசநோய் உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்போம், தடை செய்யப்பட்ட ரத்தப் பரிசோதனையைச் செய்ய மாட்டோம் என்று ஒப்புக்கொண்டன. போட்டியாளர்கள் சேர்ந்தார்கள், நல்ல டெஸ்ட் வந்தது, நோயாளிக்கும் பலன் போனது. அதற்குப் பிறகு கோவாவின் மோல்பயோ கம்பெனி காசநோய்ப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த ட்ரூநாட் மெஷின் பேட்டரியில் ஓடியது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போனது. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் வாங்கத் தயாராக இருந்ததால் அந்த இந்தியக் கருவி நிலைத்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் ஒப்புதல் தந்தது.

இனி, நீங்கள் என்னிடம் நேரில் கேட்கப்போகும் கேள்விகள். ‘பொதுப் பணத்தை யார் கையில வச்சிருப்பாங்க?’ முதல் சண்டை அதில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பொதுப் பணமே வேண்டாம் என்கிறேன். டெண்டரும் பேச்சுவார்த்தையும் மட்டும் பொது. விலை முடிவானதும் அவரவர் பெயரில் அவரவர் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, அவரவர் கணக்கிலிருந்து பணம் கட்டட்டும். நாலு வருஷம் ஓடி நம்பிக்கை வந்த பிறகு, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்வதா, லாபநோக்கமற்ற பிரிவு 8 கம்பெனியா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளேயிருந்து வரும். நாம் பேசி முடித்த மறுநாளே, கம்பெனி நம்மில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்டு விலையைவிட ஐந்து சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும். ஒருவர் போனால் இன்னொருவர் போவார். மூன்றாவது மாதம் கூட்டு இருக்காது, குறைந்த விலையும் இருக்காது. இதற்கு ஒரே தடுப்பு, இந்த வருஷம் இவ்வளவு எடுக்கிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் முதல் சுற்றுக்கு வர வேண்டாம். மனஸ்தாபம் ஒன்றுமில்லை, அடுத்த சுற்றில் வரலாம். ஆறு பேர் உறுதியாக நிற்பது, இருபத்தைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட மேல்.

எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொட்டிவிடவும் கூடாது. அமெரிக்க மருத்துவமனைகள் 1910இலிருந்தே குழுவாக வாங்கிப் பழகியவை. அங்கே 2017இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கி, அந்தத் தீவின் ஆலை நின்றதும், நாடு முழுக்கச் சலைன் பைக்குத் தட்டுப்பாடு வந்தது. மறுவருஷமே அங்குள்ள மருத்துவமனைகள் சேர்ந்து, தட்டுப்பாடான மருந்துகளுக்காகச் சிவிகா என்ற லாபநோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கின. நாம் ஆர்டரை இரண்டாகப் பிரிக்கலாம், பெரிய பங்கு குறைந்த விலைக்காரருக்கு, சிறிய பங்கு அடுத்தவருக்கு. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

பணம் கட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், இது நம்மை நாமே சொல்லிக்கொள்வது. சிறு தொழில் நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காப்பீட்டுப் பணம் வரவில்லை, அதனால் நாங்களும் தரவில்லை என்று ஆறு மாதம் இழுக்கிறோம். பன்னாட்டுக் கம்பெனி தாங்கும், புதுக் கம்பெனி தாங்காது. விலையைக் குறை, புதுசாகச் செய், பணத்தை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள் என்று மூன்றையும் ஒருவரிடமே கேட்டால் எவரும் நம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

டாக்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கைக்குப் பழகிய கருவியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நான். அறுவை அரங்குக் கருவிகளை முதலில் தொடவே வேண்டாம் என்பது என் யோசனை. ஆனால் மாநாட்டுப் பயணமும் ஹோட்டல் அறையும் வாங்கும் முடிவுக்குள் வரக் கூடாது. 2024இல் மத்திய அரசு மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கும் விற்பனை நடத்தை விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. தேர்வுக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும், நான் உட்பட, எந்தக் கம்பெனியோடு என்ன தொடர்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்காருவோம்.

சட்டத்தில் சில முட்கள் உண்டு. அல்ட்ராசவுண்டை இதில் இழுக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டுக் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு இடத்தோடு கட்டுண்டது, சுற்றில் விட முடியாது. எக்ஸ்ரே, சி.டி. என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் குறுக்கே நிற்கும். விலையைக் கூடிப் பேசுவதால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது என்றாலும், வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நோயாளியிடம் நாம் வாங்கும் கட்டணத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மிச்சமானதில் எவ்வளவு நோயாளிக்குப் போகிறது என்பதை அவரவர் பில்லிங் கவுன்டர் போர்டில் எழுதிப் போடட்டும்.

முதல் சுற்றுக்கு நான் சொல்வது இரண்டே பொருள்: செல் கவுன்டர் ரீஏஜென்ட், போட்டோதெரபி விளக்கு. ஒன்று நாளைக்கே காசு மிச்சம் செய்யும். மற்றது, சேர்ந்து அளந்து, சேர்ந்து எழுதி, புதுசாக ஒன்றைச் சேர்ந்து வாங்க முடியுமா என்று நம்மையே சோதித்துப் பார்க்கும். வென்டிலேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்வோம்.

சம்மதம் என்றால், கடந்த பன்னிரண்டு மாத ரீஏஜென்ட் பில்லையும், இப்போதுள்ள ஒப்பந்த நகலையும், போட்டோதெரபி யூனிட்டுகளின் எண்ணிக்கை, வாங்கிய வருஷம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெளியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை டெஸ்ட் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்; தொடங்க அதுவே போதும். நிர்வாகி மட்டும் வந்தால் பத்தாது, லேப் இன்சார்ஜும் பச்சைக் குழந்தைகள் வார்டைப் பார்க்கும் நர்சரி சிஸ்டரும் கூட வர வேண்டும், ஏனென்றால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் செமினார் ஹால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் இருக்கிறது. பொது இடமாக இருந்தால் நல்லது என்று நினைத்தால் இந்திய மருத்துவச் சங்கத்தின் ஐ.எம்.ஏ. ஹாலைக் கேட்டுப் பார்க்கிறேன். சாப்பாடு எங்கள் கேன்டீனிலிருந்து வரும். எந்தக் கம்பெனியும் ஸ்பான்சர் செய்யாத சாப்பாடு, அதனால் சாம்பார் சாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்து பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒருவர்